ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையைத் திறந்து வையுங்கள்

வேலை பார்த்துக்கொண்டே தொடர்பியலில் முதுகலை படிக்க விரும்பும் கம்மாபுரம் வட்டாரத்தாரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பல்கலைக்கழக மானியக் குழு, தமிழ்நாடு அரசு உயர்கல்வித் துறை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், எங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், அலுவலகங்கள், ஒப்பந்ததாரர்கள்.

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் வட்டாரத்தில் இருந்துகொண்டு, வேலையை விடாமல் இதழியலிலும் மக்கள் தொடர்பியலிலும் முதுகலை படிக்க ஆசைப்படுகிறவர்கள் நாங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் எங்களில் உண்டு. நாளிதழுக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பி, அச்சில் வந்தால் மட்டும் காசு பார்க்கிறவர்கள் உண்டு. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், கேபிள் டி.வி.யில் உள்ளூர்ச் செய்தி வாசிக்கிறவர், அங்கன்வாடிப் பணியாளர், தனியார் பள்ளி ஆசிரியை, விருத்தாசலத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவர் என்று பல தொழில்காரர்கள் சேர்ந்திருக்கிறோம். எல்லோரும் ஒரு பட்டம் முடித்தவர்கள். பாதிக்கு மேல் கரஸ்ஸில், அதாவது தொலைநிலையில், முடித்தவர்கள். நாங்கள் கேட்பது சலுகை அல்ல. நாட்டில் வேறு படிப்புகளுக்கு ஏற்கெனவே திறந்துவிட்ட கதவை இந்தப் படிப்புக்கும் திறக்கச் சொல்கிறோம்.

ஏன் தொடர்பியல் என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். "இந்த வயசுல என்னா படிப்பு? அதுவும் டி.வி. படிப்பு?" என்று மாமியார் கேட்டார்; இந்தச் சாசனத்தை எழுதிக்கொடுக்கும் பொறுப்பை ஏற்ற நான் அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் வந்து நின்ற நெல்வயலுக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி நாடு முழுக்கப் போனது. அது எங்கள் ஊராட்சி ஒன்றியத்து நிலம். அதற்குச் சில மாதம் முன்பு, அந்த ஆண்டு ஏப்ரலில், சேத்தியாத்தோப்பு கிழக்கு என்ற பழுப்பு நிலக்கரிப் பகுதி மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து டெல்டாவே பதறியது. பிறகு அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்த இரண்டு நிகழ்விலும் எங்களுக்குக் கேமரா இருந்தது, போன் இருந்தது, குரல் இருந்தது. ஏலக் காகிதத்தை வாசித்து, நிலம் எந்த ஆண்டு கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு வேறு கருணைத்தொகை வேறு என்பதையெல்லாம் இரண்டு தரப்புக் காகிதத்தையும் வைத்துக்கொண்டு ஊராருக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. வெளியூரிலிருந்து வந்த செய்தியாளர்கள் நன்றாகவே எழுதினார்கள். மூன்றாம் நாள் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். போனதற்குக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு வேறு செய்தி இருக்கும். ஊரில் தங்கப்போகிறவர் கற்றிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

வெள்ளமும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 மழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் என்று இந்த மாவட்டத்துக்கு ஓய்வே இல்லை. ஒவ்வொரு முறையும் 'இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகிறது' என்று அறிவிப்பு வருகிறது. கன அடி என்பது வெள்ளாற்றங்கரைத் தெருவில் முழங்கால் அளவா, இடுப்பளவா, மாட்டை அவிழ்த்து விட வேண்டுமா, இரவிலேயே கிளம்ப வேண்டுமா என்று மாற்றிச் சொல்லத் தெரிந்தவர்தான் எங்கள் கணக்கில் தொடர்பாளர். சுரங்கமோ ஆலையோ வரும்போது நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை சொல்கிறது. தமிழில் இருந்தால் மட்டும் புரிந்துவிடுமா? பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நாங்கள் படிக்கப் போகிறோம்.

நடுவில் ஒரு வழி

எங்கள் தலையாய கோரிக்கை இதுதான். தொடர்பியலில் முதுகலை படிக்க இன்று இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, முழுநேரம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் தொடர்பியல் துறை, முதுகலைப் பட்டயம் என்றால் 2000-லிருந்து சென்னையில் நடக்கும் ஆசியன் இதழியல் கல்லூரி, 2025-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனம். எல்லாம் நல்ல இடங்கள். எதில் சேர்வதென்றாலும் வேலையை விட்டுவிட்டு, பெரும்பாலும் ஊரையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று, தொலைநிலை. வீட்டிலிருந்தே பாடநூலைப் படித்து, அசைன்மென்ட் எழுதி, தேர்வு மட்டும் நேரில் எழுதுவது. இவை இரண்டுக்கும் நடுவே, வகுப்பறையில் உட்கார்ந்து ஆசிரியர் முகம் பார்த்து, ஆனால் ஓய்வுநாளில் மட்டும் போய்ப் படிக்கும் நேரடிப் பகுதிநேர முதுகலை எங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

இது முடியாத காரியம் அல்ல. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் மாலையில் வந்து பகுதிநேர பி.இ. படிக்கும் முறை தமிழ்நாட்டில் பல காலமாக இருக்கிறது. நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் அப்படிப் படித்தவர் ஒருவரைக் காட்டுவார்கள். 2023-லிருந்து வேலையில் இருப்பவர்களுக்கென்று நெகிழ்வான நேரத்தில் வகுப்பு நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்திருக்கிறது. முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாகச் செய்யலாம் என்று மானியக் குழுவின் 2022 விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. கீழே பி.இ.க்கு உண்டு, மேலே முனைவர் பட்டத்துக்கு உண்டு. இடையில் இருக்கும் எங்கள் படிப்புக்கு மட்டும் ஏன் இல்லை? லண்டனில் கைவினைஞர்களுக்காக 1823-ல் தொடங்கிய பள்ளிதான் இன்று பிர்க்பெக் என்ற பல்கலைக்கழகக் கல்லூரி. இருநூறு ஆண்டாக அங்கே மாலை வகுப்புதான் மரபு. பகலில் வேலை பார்த்தவர் மாலையில் படித்ததால் அங்கே பட்டத்தின் தரம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தொடர்பியல் முதுகலையைப் பகுதிநேர நேரடிப் படிப்பாகத் தொடங்க வேண்டும். அது நிலைத்திருக்க வேண்டும். இந்த ஆண்டு உண்டு, அடுத்த ஆண்டு ஆள் சேரவில்லை என்று மூடினோம் என்பது கூடாது. முதல் மூன்று ஆண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தாலும் நடத்துவோம் என்று உறுதி தரவேண்டும்.

வகுப்பு மாலையில் வேண்டாம். கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் போய் மாலை வகுப்பு முடித்துத் திரும்பப் பெண்களுக்குப் பஸ் நேரம் ஒத்துவராது. ஞாயிறு முழுநாளும், மாதத்தில் ஒரு சனியும் போதும். சிதம்பரம் மட்டுமல்லாமல் விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலும் கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலும் இதே வகுப்பை நடத்தலாம். 2021-க்குப் பிறகு இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்துவிட்டன. கட்டடம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஞாயிறு பூட்டிக்கிடக்கிறது.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சுரங்கத்தில் வார ஓய்வு எல்லோருக்கும் ஞாயிறு விழாது. அதனால் ஒவ்வொரு வகுப்பும் ஒளிப்பதிவாகவும் கிடைக்க வேண்டும். ஒரு ஞாயிறு தவறியவர் அதே பாடத்தை அடுத்த வாரம் வேறு மையத்தில் கேட்க அனுமதி வேண்டும்.

மணிக்கணக்கு

இந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறை எங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் முப்பது மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. படிப்பது, எழுதுவது, வகுப்பில் இருப்பது எல்லாம் சேர்த்து. எண்பது கிரெடிட் உள்ள முதுகலை என்றால் 2,400 மணி நேரம். இரண்டு ஆண்டில் 104 வாரம். வாரத்துக்கு 23 மணி நேரம். எட்டு மணி நேர வேலை, போக வர இரண்டு மணி, சமையல், பிள்ளைகள், மாடு கன்று போக, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவது எங்களில் யாருக்கும் நடக்காது. நடக்காததை நடக்கும் என்று வைத்துக்கொண்டு சேர்கிறோம். முதலாம் ஆண்டுத் தேர்வில் அரியர் விழுகிறது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிடுகிறோம். அப்புறம் 'வேலைக்குப் போறவங்களுக்குப் படிப்பு வராது' என்று பேச்சு எழுகிறது.

அதே 2,400 மணியை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி. அது முடியும். ஞாயிறு வகுப்பில் ஆறு மணி, மீதியை இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு முடித்துக்கொள்வோம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுகலையை நான்கு ஆண்டுவரை நீட்டி முடிக்க இடமுண்டு. எங்கள் கோரிக்கை அதைவிட ஒரு படி மேலே. நீட்டித்து முடிப்பது தோற்றவருக்கு விட்ட கருணையாக இருக்கக் கூடாது. சேரும் நாளிலேயே 'நான் நான்கு ஆண்டில் முடிப்பேன்' என்று எழுதிச் சேர வழி வேண்டும். கட்டணமும் அதற்கேற்ப, பருவத்துக்கு எடுக்கும் பாடங்களுக்கு மட்டும், தவணையில். நடுவில் பிரசவமோ பெரியவர்களின் நோயோ வந்தால் ஓராண்டு நிறுத்திவிட்டு, மறுபடி சேர்க்கைக் கட்டணம் கட்டாமல் தொடர உரிமை வேண்டும்.

தேர்வு அட்டவணை குறைந்தது அறுபது நாள் முன்பே வெளியாக வேண்டும். ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் பிடிக்க எங்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்படுகிறது.

விண்ணப்பம் என்னும் முதல் சுவர்

படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களில் பலர் வகுப்பறை வாசலையே பார்க்காமல் நின்றுபோனது விண்ணப்பத்தில்தான்.

2024-லிருந்து தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேர டெப் ஐடி என்ற எண் கட்டாயம். அதை எடுக்க ஏ.பி.சி. எனும் கல்வி கிரெடிட் வங்கியில் கணக்கு வேண்டும். அதற்கு ஆதார், ஆதாரோடு இணைந்த செல்போன் எண். போலி மையங்களிடம் ஏமாறாமல் மாணவர்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்பது எங்களுக்குப் புரிகிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் இதை அமைத்தவர்கள் தமிழர் பெயரை நினைத்துப் பார்க்கவில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஆர். செல்வி' என்று இருக்கும். பட்டச் சான்றிதழில் 'செல்வி ஆர்.' ஆகும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டு 'செல்வி குமார்' என்று நிற்கும். மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்வி நிலையத்துக்கு இப்படி விண்ணப்பித்தேன். அது எது என்பது இங்கே தேவையில்லை. பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் நின்றது. ஆதாரில் பெயர் திருத்த ஒரு நாள் லீவு போட்டேன். செல்போன் எண்ணை மாற்ற இன்னொரு நாள். டி.சி.யும் (மாற்றுச் சான்றிதழ்) மைக்ரேஷனும் (இடப்பெயர்வுச் சான்றிதழ்) கேட்டார்கள். பதினான்கு ஆண்டுக்கு முன் படித்த படிப்புக்கு மைக்ரேஷன் வாங்கத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி லீவு. எல்லாம் கையில் வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. பிறகு கடைசித் தேதியை நீட்டித்ததாக அறிந்தேன். ஆனால் அது நீட்டிக்கப்பட்டதையே நீட்டிப்பும் முடிந்த பிறகுதான் அறிந்தேன். மொத்தம் நான்கு நாள் சம்பளம் போனது. படிப்பு கிடைக்கவில்லை. இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தக் கவுண்ட்டரில் இருந்த அம்மா என்னிடம் மிகவும் பொறுமையாகப் பேசினார். இருபத்தொரு வயதில், கல்லூரி முடித்த கையோடு, எல்லாச் சான்றிதழும் ஒரே ஃபைலில் வைத்திருக்கும் பிள்ளையை மனதில் வைத்துச் செய்த விண்ணப்பம் அது. என்னை மனதில் வைத்துச் செய்ததல்ல.

எனவே கேட்கிறோம். தலைப்பெழுத்தின் இடமாற்றமும் கல்யாணத்தால் வந்த பெயர் மாற்றமும் பெயர் வேறுபாடாகக் கொள்ளப்படக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர் தரும் ஒரு சான்று போதும் என்று விதி செய்யுங்கள். மைக்ரேஷன், டி.சி. போன்றவை இல்லாமலேயே தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். பழைய பட்டத்தைத் தந்த பல்கலைக்கழகமும் புதிதாகச் சேர்க்கும் பல்கலைக்கழகமும் ஒன்றாகவே இருந்தால், அந்தக் காகிதங்களை எங்களிடம் கேட்கவே வேண்டாம்; அவை உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. கடைசித் தேதியை நீட்டிப்பது ஏறக்குறைய எல்லாப் பருவத்திலும் நடக்கிறது. நீட்டித்தால், பாதியில் நிற்கும் விண்ணப்பக்காரர் எல்லோருக்கும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். சேர்க்கைக் காலத்தில் இரண்டு ஞாயிறு கம்மாபுரம் ஒன்றிய அலுவலகத்தில் முகாம் போட்டு, ஆதார் திருத்தம், டெப் ஐடி, சான்றிதழ் சரிபார்ப்பு மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுங்கள்.

வேலையையும் தகுதியாகக் கணக்கிடுங்கள்

சில நிலையங்கள் பேராசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. கரஸ்ஸில் படித்தவருக்குப் பேராசிரியர் யார்? பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவர் எங்கே? பரிந்துரை வேண்டும் என்றால், எங்களோடு வேலை பார்த்தவரிடம் கேளுங்கள். மகளிர் குழுத் தலைவி, ஊராட்சித் தலைவர், செய்தி ஆசிரியர், மேற்பார்வையாளர் எவரும் எங்களை நன்றாக அறிவார்.

பணி அனுபவத்துக்குச் சான்று கேட்கும்போது நிறுவனத்தின் லெட்டர்பேடில் கேட்கிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒரு ஒப்பந்ததாரர் மாறுகிறார். பகுதிநேரச் செய்தியாளருக்கு நியமனக் கடிதமே கிடையாது. பி.எஃப். கணக்குப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, அச்சில் வந்த செய்தி நறுக்கு, ஒளிபரப்பான வீடியோ இவற்றில் எதைக் காட்டினாலும் சான்றாக ஏற்க வேண்டும். 2023-ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு பணி அனுபவத்துக்கும் கிரெடிட் கணக்கிட வழி சொல்லியிருக்கிறது. பத்தாண்டு செய்தி அனுப்பியவரை 'செய்தி என்றால் என்ன' என்ற முதல் பாடத்தில் உட்கார வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கு ஊடகச் சட்டத்தையும், தரவைச் சரிபார்ப்பதையும், தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவதையும் சொல்லிக்கொடுங்கள். அவருக்குத் தெரியாதது அதுதான்.

நுழைவுத் தேர்வு இருந்தால் தமிழிலும் இருக்க வேண்டும். ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதும் கட்டுரையைத் தமிழில் எழுத அனுமதி வேண்டும். ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பவும் விடலாம். தொடர்பியலுக்கு ஆள் எடுக்கும்போது பேச்சைக் கேட்டு எடுப்பதில் என்ன தடை?

தமிழில்

பாடநூல் தமிழில் வேண்டும், தேர்வையும் தமிழில் எழுத அனுமதி வேண்டும். நாங்கள் ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுரங்கத் திட்ட அறிக்கையும் நீதிமன்ற ஆணையும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றை வாசித்துத் தமிழில் தரும் திறன்தான் எங்களுக்கு முதலில் வேண்டும். அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்தி மொழிபெயர்ப்பு என்று ஒரு முழுப் பாடம் வையுங்கள். நிர்வாக ஆங்கிலம், சட்ட ஆங்கிலம் இரண்டையும் அதற்குள் சேருங்கள். அமெரிக்கத் தேர்தல் பிரச்சாரத்தை வைத்து எழுதிய உதாரணத்துக்குப் பதிலாக, 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நிலம், வேலை, மறுவாழ்வு பற்றி வந்த செய்திகளை வைத்து ஒரு பாடம் எழுதலாம். அறுபது எழுபது ஆண்டுச் செய்தி வரலாறு எங்கள் கண்ணெதிரே கிடக்கிறது.

செய்முறைப் பயிற்சிக்கும் எங்கள் ஊரே போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு மாணவரும் தன் ஊராட்சியின் ஆறு கூட்டத்தையும் செய்தியாக்கித் தரட்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள். எடிட்டிங்குக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும் சிதம்பரத்தில் ஆய்வுக்கூடத்தை ஞாயிறு திறந்து வைத்தால் போதும். அன்றைக்குக் குழந்தைகளை விட ஓர் அறையும் அதில் ஓர் ஆயாவும் இருந்தால் எங்களில் பாதிப் பேர் வகுப்புக்கு வர முடியும்.

இந்தப் பட்டம் நாளைக்கும் செல்ல வேண்டும்

எங்கள் பயங்களில் பெரியது இது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-லிருந்து இருக்கிறது. 1979-ல் தொலைநிலைக் கல்வி தொடங்கியது. எங்கள் தெருக்களில் 'அண்ணாமலையில கரஸ்' என்று சொல்லாத வீடு குறைவு. எங்கள் அத்தைகளும் சித்தப்பாக்களும் அதனால்தான் ஆசிரியர் ஆனார்கள், கிளார்க் ஆனார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அந்த நன்றியோடுதான் அடுத்ததைச் சொல்கிறோம்.

2022 மார்ச்சில் மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்றது. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. அன்றைக்கு எங்களில் பலர் பீரோவைத் திறந்து, சான்றிதழில் இருந்த ஆண்டைப் பார்த்தோம். பிறகு அனுமதி கிடைத்துச் சேர்க்கை தொடர்ந்தது என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிப் படித்தவரின் மனக்கலக்கம் யார் கணக்கிலும் வரவில்லை. அதற்கு முன்பு 2009-ல், அரசுத் திரைப்படக் கல்வி நிலையத்தின் முதல்வர் பணி தொடர்பான வழக்கில், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் அந்த வாசலைத் தாங்களாகத் திறந்துகொண்டு யாரும் உள்ளே நுழையவில்லை. விளம்பரம் பார்த்து, கட்டணம் கட்டி, தேர்வு எழுதி நேர்வழியில் வந்தவர்கள்தான் பிறகு வெளியே நின்றார்கள்.

ஆகவே கேட்கிறோம். கண்காணிக்கும் அமைப்புக்கும் கற்பிக்கும் நிலையத்துக்கும் இடையே அங்கீகாரத் தகராறு எழுந்தால், அதற்கு முன் சேர்ந்த மாணவரின் பட்டம் பாதிக்கப்படாது என்று விதியில் எழுதுங்கள். ஒவ்வொரு சேர்க்கை அறிவிப்பின் முதல் பக்கத்திலும், இந்தப் படிப்புக்கு இந்தப் பருவத்துக்கு அனுமதி உண்டு என்ற ஆணையின் எண்ணும் நாளும் தமிழில் அச்சாக வேண்டும். கட்டணம் கட்டும் பக்கத்துக்கு முன்பே அது கண்ணில் பட வேண்டும். தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் தெரியவில்லை. அரசு மக்கள் தொடர்பு அலுவலகங்களும் ஊடக நிறுவனங்களும் தங்கள் அறிவிப்பில் இந்தச் சமநிலையை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். முதல் பட்டமில்லாமல் முதுகலை முடித்து 2009-க்குப் பிறகு தவிக்கிறவர்களுக்கு, முன்பு எழுதிய தாள்களைக் கணக்கில் எடுத்து முதல் பட்டத்தை விரைந்து முடிக்க ஒரு தனி வழி செய்ய வேண்டும்.

சம்பளம் தருகிறவர்களிடம்

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். தேர்வு நாளுக்கு லீவு கொடுங்கள், சம்பளப் பிடித்தமானாலும் பரவாயில்லை, வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். அரசுப் பணியாளருக்கும் தொகுப்பூதியக்காரருக்கும் தடையின்மைச் சான்று முப்பது நாளில் தரப்பட வேண்டும். தராவிட்டால் தந்ததாகக் கொள்ளப்படும் என்று அரசு ஆணையிட வேண்டும். நாளிதழ்கள் தங்கள் பகுதிநேரச் செய்தியாளர் படிக்கச் சேர்ந்தால் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரலாம். ஊரில் நல்ல செய்தியாளர் கிடைப்பது அவர்களுக்கும் நல்லது.

ஜனவரியில் ஒரு பருவச் சேர்க்கை தொடங்கும். அதற்கு முப்பது நாள் முன்னதாக இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும், முடியாது, எப்போது முடியும் என்று எழுத்தில் பதில் வேண்டும். பதிலைத் தபாலில் ஒருவருக்கு அனுப்பாதீர்கள். கம்மாபுரம் ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையில், தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர் பஸ் விட்டு இறங்கி நின்று படித்துக்கொள்வார்.

கம்மாபுரம் வட்டாரத்தில் வேலை பார்க்கும், படிக்கக் காத்திருக்கும் நாங்கள்.